கட்டுரைக்கு முந்தைய அரை மணி நேரம் வீணா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். அவருடைய மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். இப்போது ஒரு கலைக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். கட்டுரைப் பயிற்சி வகுப்பில், எழுதத் தொடங்கும் முன் அரை மணி நேரம் ‘பிரெயின்ஸ்டார்மிங்’ செய்யச் சொல்கிறார்கள். தலைப்பைப் பற்றி மனத்தில் தோன்றுவதையெல்லாம் வெள்ளைத் தாளில் ஒழுங்கில்லாமல் கிறுக்குவதுதான் வேலை. “அந்த நேரத்தில் என் மகள் இரண்டு பக்கம் எழுதிவிடுவாள். இது படிப்பா, பொழுதுபோக்கா?” என்பது அவர் கேள்வி.

ஐயா, உங்கள் மகள் இரண்டு பக்கம் எழுதிவிடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே இரண்டு பக்கத்தை வகுப்பிலுள்ள மற்ற ஐம்பது பேரும் எழுதிவிடுவார்கள் என்பதுதான் சிக்கல். கோவை, ஈரோடு வட்டாரத்துக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களின் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். முன்னுரையில் வள்ளுவர் வருவார், முடிவுரையில் அப்துல் கலாம் வருவார். இடையில் ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்கும் பத்தி ஒன்று கட்டாயம் இருக்கும். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடைய கட்டுரை என்று எழுதியவராலேயே சொல்ல முடியாது.

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாது. பள்ளியில் அவர்கள் பழகியது எப்படி என்று பாருங்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் ‘குறிப்புகளைக் கொண்டு கட்டுரை எழுதுக’ என்று கேட்பார்கள். கீழே முன்னுரை, அதன்பின் நாலைந்து சிறு தலைப்புகள், கடைசியில் முடிவுரை என்று கேள்வித்தாளே வரிசைப்படுத்திக் கொடுத்துவிடும். மாணவர் செய்ய வேண்டியது ஒவ்வொரு தலைப்பின் கீழும் நான்கு வரி நிரப்புவது. எதைப் பற்றிப் பேசுவது, எதை விடுவது, எது முதலில், எது பிறகு என்கிற சிரமமான வேலை முழுவதையும் கேள்வி எடுத்த ஆசிரியர் முன்பே செய்து முடித்துவிட்டார். பன்னிரண்டு வருடம் இப்படிப் பழகிய பிள்ளையிடம் கல்லூரியில் ‘நீர் மேலாண்மை, ஆயிரம் சொற்களுக்கு மிகாமல்’ என்று ஒரு வரியை மட்டும் கொடுக்கிறோம். குறிப்பைக் காணோம். குறிப்பை எப்படி உண்டாக்குவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. கைக்கு வருவது கோனார் உரையும் இணையமும் பழைய மனப்பாடமும்தான்.

அந்தக் காணாமல் போன குறிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் வேலைதான் இந்த அரை மணி நேரம். வேறு மந்திரம் எதுவும் இதில் இல்லை. கல்லூரி எழுத்துக்கும் பள்ளி எழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. இலக்கணப் பிழையும் எழுத்துப் பிழையும் இதற்குப் பிறகு கவனிக்க வேண்டியவை.

ஒரு தாளைக் காட்டினால் விளங்கும். வெள்ளகோவில் பக்கத்து மாணவி ஒருத்தி. தலைப்பு மேலே சொன்ன அதே நீர் மேலாண்மைதான். தாளின் மேற்பகுதியில் அவள் எழுதியிருந்தவை: ‘நீரின்றி அமையாது உலகு. மழைநீர் சேகரிப்பு. மரம் வளர்ப்போம். நெகிழி ஒழிப்பு. ஏரி தூர்வாரல்.’ இதற்கு மேல் ஓடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டாள். நேரம் இருக்கிறது, எதையாவது எழுது, உன் வீட்டுத் தண்ணீரைப் பற்றிக்கூட எழுதலாம் என்றேன். அடுத்த பதினைந்து நிமிடத்தில் அதே தாளின் கீழ்ப்பகுதி இப்படி நிறைந்தது:

‘போர்வெல் 1,200 அடி. ரிக் வண்டி ராத்திரி முழுக்க. வீடெல்லாம் வெள்ளைத் தூசி. திருச்செங்கோட்டு வண்டி. அப்பா வட்டிக்கு வாங்கினார். பாட்டன் வெட்டிய கிணறு, இப்போது உள்ளே பாட்டிலும் குப்பையும். வாய்க்கால் தண்ணீர் நம் மண்டலத்துக்கு முறை வந்தால்தான். கடைமடைக்கு வருவதற்குள் பாதி. தென்னை வைத்தது யார் யோசனை? முன்பு கம்பு, சோளம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா எங்களோடு பேசுவதில்லை. குடிதண்ணீர் வாரம் ஒரு தடவை. மாமா பெண்ணுக்கு வரன் வந்தபோது தோட்டத்தில் தண்ணீர் உண்டா என்றுதான் முதலில் கேட்டார்கள்.’

மேல்பாதியையும் கீழ்பாதியையும் எழுதியது ஒரே கைதான். மேல்பாதி யாருக்கும் வரும். தலைப்பைக் கேட்டவுடன் நாக்கு நுனியில் நிற்கும் சரக்கு அது. அது தீர்ந்து, சங்கடமாக ஓரிரு நிமிடம் உட்கார்ந்திருந்த பிறகுதான் கீழ்பாதி வருகிறது. நேரம் கொடுக்கச் சொல்வதன் காரணம் இதுதான். ஐந்து நிமிடத்தோடு நிறுத்தும் ஆசிரியர் மேல்பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு, இந்த முறையால் பயனில்லை என்று சொல்லிவிடுகிறார்.

அந்தத் தாளில் என் கண் போய் நின்ற இடம் பெரியப்பா. ஏன் பேசுவதில்லை என்று கேட்டேன். முதலில் தயங்கினாள், பிறகு சொன்னாள். இவர்கள் ஆழமாகப் போர் போட்ட அடுத்த கோடையில் அவருடைய போர் வற்றிவிட்டது. அவர் இன்னும் ஆழமாகப் போட்டார். இவர்களுக்குத் தண்ணீர் குறைந்தது. மறுபடி இவர்கள் போட்டார்கள். கொங்கு நாட்டின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். ஆழத்தில் தண்ணீர் நிற்பது பாறை வெடிப்புகளில் மட்டுமே. இரண்டு தோட்டத்துக்கும் ஒரே வெடிப்பிலிருந்து தண்ணீர் வந்தால், ஒருவர் இழுப்பது மற்றவருக்குக் குறையும். ‘அப்படியானால் பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் யாருடையது?’ என்று அவளே கேட்டாள். கேட்ட கணத்தில் கட்டுரை பிறந்துவிட்டது. நூலகத்துக்குப் போனாள். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த ஓடையாக ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலத்தின் உடைமையாளருக்குத் தருகிறது என்று கண்டுபிடித்தாள். மாட்டை வைத்துக் கிணற்றில் இறைத்த காலத்துச் சட்டத்தை 1,200 அடி போருக்கும் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு வரி எழுதினாள். அந்த வரி எந்த உரைநூலிலும் இல்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனப் பரப்பை நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் விடுவது பற்றி ஒரு பத்தி, முறை வராத காலத்தில் எல்லோரும் போரை நம்புவது பற்றி அடுத்த பத்தி. வள்ளுவரும் வந்தார், ஆனால் வேலையோடு வந்தார்.

திருப்பூரிலும் இதே கதைதான். ‘பெண்கள் முன்னேற்றம்’ என்று தலைப்புக் கொடுத்தால் முதல் சுற்றில் கல்பனா சாவ்லா வருவார். இரண்டாவது சுற்றில்தான் பனியன் கம்பெனி வேலைகளான கைமடி, செக்கிங், கம்பெனி பஸ், ஓவர்டைம், சனிக்கிழமைச் சம்பளம் யார் கைக்குப் போகிறது என்பதெல்லாம் வரும்.

இனி, அந்த அரை மணி நேரத்தில் ஒரு கட்டுப்பாடு மட்டும் கறாராக வேண்டும்: எழுதும்போது எடை போடக் கூடாது. ‘இது சரியா, இதை எழுதினால் சிரிப்பார்களா’ என்ற கேள்வி வந்தால் பேனா நின்றுவிடும். இதை விதியாக வகுத்தவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். 1953-இல் வெளியான தன் நூலில் நான்கு விதிகள் சொன்னார். தீர்ப்பைத் தள்ளிப் போடு, விசித்திரமான யோசனையையும் வரவேற்று வை, எண்ணிக்கை கூடட்டும், ஒருவர் சொன்னதோடு இன்னொன்றைச் சேர்த்து வளர்த்தெடு. அவர் மனத்தில் இருந்தது விளம்பர வாசகமும் வியாபார யோசனையும். மாணவர் கட்டுரை அல்ல. அதை எழுத்துப் பயிற்சிக்குக் கொண்டுவந்தவர்கள் பின்னால் வந்த கல்லூரி ஆசிரியர்கள்.

நம்முடைய நன்னூலை அறிந்தவர்களுக்கு இன்னொரு விதமாகச் சொல்கிறேன். பவணந்தி முனிவர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டில் உரிமை கொண்டாடுவோம். அவர் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிடுகிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று அது போகும். முடிந்த கட்டுரைக்கு அந்தப் பத்தும் குற்றம்தான். இன்றைக்கும் அதைவிட நல்ல திருத்தப் பட்டியல் எனக்குத் தெரியாது. ஆனால் கிறுக்கல் தாளில் பத்துக்கும் அனுமதி உண்டு. சொன்னதையே திரும்பச் சொல்லலாம், முன்னால் எழுதியதற்கு நேர்மாறாக எழுதலாம். ‘மற்றொன்று விரித்தல்’ என்று பவணந்தியார் கண்டிப்பது அங்கே குற்றமே ஆகாது. நீர் மேலாண்மையிலிருந்து பெரியப்பாவுக்குத் தாவியது மற்றொன்று விரித்தல் அல்லாமல் வேறென்ன?

கூட்டமாக உட்கார்ந்து செய்வதா, தனியாகவா என்பது அடுத்த விஷயம். இதில் பல வகுப்புகளில் தவறு நடக்கிறது. கூட்டமாகச் செய்தால் யோசனை பெருகும் என்பது ஆஸ்போர்னின் நம்பிக்கை. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து சொன்னதைவிட, தனித்தனியாக எழுதிய நான்கு பேரின் யோசனைகளைச் சேர்த்தபோது கூடுதலாகவும் மேலாகவும் இருந்தன. 1987-இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு முக்கியக் காரணம் கண்டார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போது தன் யோசனை தடைபட்டுப் போகிறது.

நம் வகுப்பறையில் இதோடு வேறொன்றும் சேர்ந்துகொள்கிறது. கோவையில் ஆங்கில வழியில் படித்த இரண்டு பேர் சரளமாகப் பேசுவார்கள். அந்தியூர் மலையிலிருந்தோ தாராபுரத்துக் காட்டிலிருந்தோ வரும் பிள்ளை, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவன், வாயே திறக்க மாட்டான். அவனிடம் இருக்கும் சரக்குதான் கட்டுரைக்கு ஆகும். ஆனால் கரும்பலகையில் ஏறுவது சரளமாகப் பேசியவர்கள் சொன்னது. அதனால் நான் சொல்லும் வரிசை இது: முதல் இருபது நிமிடம் வாய் திறக்காமல் அவரவர் தாளில். அதன் பிறகு மூன்று நான்கு பேராகத் தாளை மாற்றிப் படித்து, புரியாத இடத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதிக் கொடுப்பது. கருத்து வேண்டாம், பாராட்டும் வேண்டாம். ‘ஏன் பேசுவதில்லை?’ என்பது போல ஒரே ஒரு கேள்வி.

கூட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆசான் சொல்லிக் கேட்பதால் கால்பங்கு கல்விதான் பற்றும், உடன் பயில்வோரோடு பழகுவதால் ஒரு கால், பிறருக்கு எடுத்து உரைப்பதால் மீதி அரை என்று கணக்குச் சொல்வதும் அதே நன்னூல்தான். தாளில் ஏறியதை உரக்க ஒருவருக்குச் சொல்லிப் பார்த்தால் எது நிற்கும், எது நிற்காது என்று சொல்பவருக்கே தெரிந்துவிடும். உங்கள் மகள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறவளாக இருந்தால், பக்கத்து இருக்கைத் தோழியிடம் இதைச் செய்யலாம். அதற்கு வகுப்பறை தேவையில்லை.

இன்னொன்றை மிக அழுத்திச் சொல்வேன். கட்டுரையை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தாலும் கிறுக்கல் தாள் வீட்டுப் பேச்சில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் கிறுக்கச் சொன்னால் பிள்ளைக்குத் தெரிந்த முந்நூறு ஆங்கிலச் சொல்லுக்குள் அடங்கும் விஷயம் மட்டுமே தாளில் வரும். சாளை என்கிற தோட்டத்து வீடு, பண்டங்கன்று என்கிற ஆடுமாடு, மடை திருப்புவது, பொழுது சாய்ந்து வாய்க்கால் காவலுக்குப் போவது, இதெல்லாம் அந்த முந்நூறுக்கு வெளியே இருக்கின்றன. முதலில் விஷயம் வெளியே வரட்டும். எந்த மொழியில் எழுதுவது என்பதைப் பிறகு அகராதியோடு உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். ‘ஆங்கில வகுப்பில் தமிழா’ என்று முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களிடம் தாளைக் காட்ட வேண்டாம், கட்டுரையை மட்டும் காட்டினால் போதும்.

தாள் நிறைந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பெரும்பாலான வகுப்புகள் சொல்லித்தருவதில்லை. அங்கேயே விட்டுவிட்டால் உங்கள் சந்தேகம் சரிதான், அது பொழுதுபோக்குத்தான். ஈரோட்டு மஞ்சள் வியாபாரத்தில் விரலி வேறு, கிழங்கு வேறு என்று பிரித்துத்தானே விலை பேசுகிறார்கள். தாளையும் அப்படிப் பிரிக்க வேண்டும். யாரும் சொல்லக்கூடியவற்றை முதலில் அடித்துவிடுங்கள். மிச்சத்தில் ஒன்றோடொன்று உறவுள்ளவற்றைக் கோடு போட்டு இணையுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் கேளுங்கள்: இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? முன்பு எப்படி இருந்தது, எப்போது மாறியது? இதை நான் சொன்னால் யார் மறுப்பார்? பதில் தெரியாமல் மனத்தை அரிக்கும் கேள்வி ஒன்று கிடைத்தால் அதுதான் கட்டுரையின் முதுகெலும்பு. மீதித் தாளில் முக்கால் பாகம் குப்பைக்குப் போகும், போகட்டும். பள்ளியில் பாடத்துக்கு மனவரைபடம் வரைந்த பழக்கம் இங்கே கொஞ்சம் கைகொடுக்கும். கொஞ்சம் குழப்பவும் செய்யும். அங்கே வரைந்தது புத்தகத்தில் இருந்ததைச் சுருக்க. இங்கே புத்தகத்தில் இல்லாததை வரவழைக்க.

இந்த இடத்தில் எல்லாப் பெற்றோரும் கேட்பது: சாட்ஜிபிடியிடம் கேட்டால் பத்து வினாடியில் இருபது யோசனை தருகிறதே? தரும். வெள்ளகோவில் மாணவி எழுதிய மேல்பாதியைத் தரும், இன்னும் அழகான மொழியில். கீழ்பாதி அதற்குத் தெரியாது. அவள் வீட்டுப் போரையும் பெரியப்பாவையும் யாரும் அதனிடம் சொல்லவில்லை. தன் தாள் நிறைந்த பிறகு அதனிடம் போய், ‘நான் விட்டுவிட்டது என்ன, இதற்கு மறுப்பு என்ன’ என்று கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதலிலேயே போனால் பள்ளிக் கேள்வித்தாள் கொடுத்த குறிப்பை வேறு கடையில் வாங்கிக்கொண்டது போலத்தான்.

எல்லாவற்றுக்கும் இது தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வகப் பதிவேட்டுக்கு இது வேண்டாம். வரையறை கேட்கும் ஐந்து மதிப்பெண் கேள்விக்கும் வேண்டாம். தலைப்பைப் பற்றி அடியோடு ஒன்றும் தெரியாதபோதும் பயன் குறைவு. பணவீக்கம் பற்றி எதையும் படிக்காத பிள்ளையை அரை மணி நேரம் கிறுக்கச் சொன்னால் வெங்காய விலைக்கு மேல் நகராது. அப்போது முதலில் பத்துப் பக்கம் படித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வெங்காய விலையையும் தள்ளிவிடாதீர்கள். படித்துவிட்டு வந்த பிறகு அதற்கு வேலை இருக்கும்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் தண்ணீர் வந்து நெல் விளைகிற பூமி. நடவுக்கு ஆள் கிடைக்காதது, அறுவடை இயந்திரத்துக்குக் காத்திருப்பது, நெல் வயல் வீட்டுமனையாவது என்று உங்கள் மகள் தினமும் பார்க்கிற விஷயங்கள் ஒரு பருவம் முழுக்க எழுதினாலும் தீராது. அவளுக்கு அவை கட்டுரைக்கு உரியவை என்று தோன்றாது. வீட்டில் பேசுவது வேறு, ‘கட்டுரை’ என்பது வேறு என்று பள்ளி பழக்கிவிட்டது. முதல் சில முறை தாள் வெறுமையாக இருந்தால் திட்டாதீர்கள். முடிந்தால் நீங்களே எதிரில் உட்கார்ந்து, அவள் எழுதிய ஏதாவது ஒரு வரியை எடுத்து, ‘அது ஏன் அம்மணி அப்படி?’ என்று கேளுங்கள். நீங்கள் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. வாய்க்கால் முறையைப் பற்றி அவளுடைய பேராசிரியரைவிட உங்களுக்கு அதிகம் தெரியும்.

நேரக் கணக்கு: வீட்டில் எழுதும் கட்டுரைக்கு அரை மணி நேரம் தாராளமாகக் கொடுக்கலாம், திரட்ட இருபது நிமிடம், பிரிக்கப் பத்து நிமிடம். மறுநாள் காலையில் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு எழுத உட்காருவது இன்னும் நல்லது. இரவில் விட்டுப்போன ஒன்றிரண்டு அதற்குள் நினைவுக்கு வந்திருக்கும். மூன்று மணி நேரத் தேர்வில் இவ்வளவு கட்டுப்படியாகாது. பெரிய கேள்விக்கு ஐந்து நிமிடம் போதும். ஏற்கெனவே வீட்டில் பழகியிருந்தால் அந்த ஐந்து நிமிடத்தில் ஏழெட்டு வரி விழுந்துவிடும். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் அதன்மேல் குறுக்காக ஒரு கோடு அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் திருத்துபவர் அதையும் விடையாக எடுத்துக்கொண்டு படிக்கத் தொடங்கிவிடுவார்.